பெட்டி நிறைய காத்து: மாடல் கிட் ஏன் இப்படி வருது

போன வாரம் ஒரு 1/72 ஃபைட்டர் விமான கிட் பிரிச்சேன், அதாவது நிஜத்த 72ல ஒரு பங்கு நீளத்துக்கு சுருக்கி, நாமளே ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் மாடல். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா இது ஒரு கம்பெனி மட்டும் பண்ற வேலை இல்ல. பெட்டிய கையில தூக்கினப்பவே சந்தேகம் வந்துடுச்சு, சைஸுக்கு ஏத்த கனம் இல்ல, லேசா சாய்ச்சா உள்ள ஏதோ ஒண்ணு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு சர்ருனு வழுக்கிட்டு போகுது. மூடிய தூக்கினா ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள சாம்பல் கலர்ல ரெண்டு ஸ்ப்ரூ, அதாவது பாகங்க ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம், விமானி தலைக்கு மேல வர்ற கேனோபிக்குன்னு ஒரு குட்டி கண்ணாடி ஸ்ப்ரூ, விமானத்து மேல ஒட்டுற சின்னம், நம்பரெல்லாம் இருக்குற, உள்ளங்கைல பாதி கூட வராத ஒரு டீகால் ஷீட்டு, நாலா மடிச்ச ஒரு பேப்பர். அவ்ளோதான், மீதியெல்லாம் காத்து.

எனக்கு கோவம் வந்தா ஸ்கேல் எடுத்துடுவேன், அது ஒரு வியாதி. பெட்டி 38 செ.மீ நீளம், 25 அகலம், 6.5 உயரம், பெருக்கினா 6175 கன செ.மீ. உள்ள இருந்த கவர அமுக்காம கொள்ளாம அப்படியே வெச்சு அளந்தா 24க்கு 16க்கு 3, அதாவது 1152. பெட்டியில ஐந்துல ஒரு பங்கு கூட இல்ல. அதோட நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல, கவரையும் பேப்பரையும் எடுத்துட்டு வெறும் பிளாஸ்டிக்க மட்டும் தராசுல வெச்சேன், 62 கிராம். பாலிஸ்டைரீன் ஒரு கன செ.மீ.க்கு சுமாரா 1.05 கிராம் வரும், அப்போ 62 கிராம்னா 59 கன செ.மீ., பெட்டியோட கொள்ளளவுல வெறும் 1 சதவீதம்.

இந்த 1 சதவீதத்த அப்படியே எடுத்துக்கிட்டு "99 சதவீதம் காத்த வித்துட்டான்"னு கத்தலாம், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது நியாயம் இல்ல. ஸ்ப்ரூங்கிறதே ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டம், கம்பிக்கு நடுவுல இடைவெளி இருந்தே ஆகும், பாகங்க அதுல தொங்கிட்டு இருக்கும். அந்தக் கவருக்குள்ளயே பிளாஸ்டிக் பாத்தா 5 சதவீதம்தான் வருது. ரொம்ப நெருக்கமா பேக் பண்ண நல்ல கிட்ட எடுத்து இதே கணக்கு போட்டாலும் ஆச்சரியப்படுற அளவுக்கு சின்ன நம்பர்தான் வரும். அதனால கேக்க வேண்டிய கேள்வி கவருக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பத்தி மட்டும்தான், அந்த 81 சதவீதம் யாருக்காக, எதுக்காக இருக்கு?

கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு ஒரே வார்த்தைல முடிச்சிடலாம்தான். ஆனா கொஞ்சம் பின்னாடி போய் பாத்தா வேற ஒண்ணு தெரியுது, இந்தத் தொழில்ல ஆரம்பத்துல இருந்தே பெட்டிதான் முதலாளி, கிட் அதுக்குக் கீழ வேலை செய்ற ஆளு.

1950கள்ல அமெரிக்காவுல ரெவெல், ஆரோரா, லிண்ட்பெர்க் மாதிரி கம்பெனிங்க கிட் போட ஆரம்பிச்ச காலத்துல 1/72, 1/48னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஸ்கேல் ஒழுங்கா நிலைக்கல. பெட்டி சைஸ் மொதல்ல முடிவாகும், அச்சடிக்க ஒரு அளவு, கடை தட்டுல அடுக்க ஒரு அளவு, அந்தப் பெட்டிக்குள்ள எந்தக் கப்பல், எந்த விமானம்னாலும் அடங்குற மாதிரி சுருக்கிடுவாங்க. பழைய ஆளுங்க இதத்தான் இன்னிக்கும் பாக்ஸ் ஸ்கேல்னு கிண்டலா சொல்வாங்க. 1953ல ரெவெல் போட்ட மிசூரி போர்க்கப்பல் 1/535, அது என்ன கணக்குன்னு யாராவது கேட்டா பதில் பெட்டியோட நீளத்துலதான் இருக்கு, 270 மீட்டர் கப்பல் அரை மீட்டராயிடுச்சு. அதே கம்பெனியோட பி-29 குண்டுவீச்சு விமானம் 1/135. பக்கத்துல இன்னொரு விமானத்த வெச்சா ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது, குழந்தை விமானமும் தாத்தா விமானமும் மாதிரி நிக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்தக் காலத்து பெட்டியில காத்து பிரச்சினை கம்மி, ஏன்னா கிட்டையே பெட்டிக்காக தெச்சாங்க.

ஸ்கேலே வேற ஏதோ ஒரு காரணத்துல முடிவாகுறது இந்தத் துறையில சகஜம்தான். இன்னிக்கு டேங்க் மாடல்னா 1/35ன்னு உலகமே ஒத்துக்கிட்டு இருக்கு, அது எங்கிருந்து வந்துச்சுன்னா 1960களோட தொடக்கத்துல டாமியாங்கிற ஜப்பான் கம்பெனி மோட்டார் வெச்ச பாந்தர் டேங்க் போட்டப்ப உள்ள பேட்டரியும் கியர் பாக்ஸும் உக்கார ஒரு அளவு வேணும்னு பாத்தாங்க, அது கிட்டத்தட்ட 1/35ல வந்து நின்னுச்சு, அவ்ளோதான் ரகசியம். ஒரு இடத்துல பெட்டி ஸ்கேல முடிவு பண்ணுச்சு, இன்னொரு இடத்துல பேட்டரி முடிவு பண்ணுச்சு.

இங்கிலாந்துல கதை வேற மாதிரி போச்சு. 1952ல ஏர்ஃபிக்ஸ்ங்கிற கம்பெனி கோல்டன் ஹைண்ட்ங்கிற பாய்மரக் கப்பல சின்ன சைஸுல போட்டு வுல்வொர்த் கடைங்கள்ல வித்தப்ப, விலைய குறைக்கணுமேன்னு பெட்டியவே தூக்கி எறிஞ்சுட்டாங்க, ஒரு பாலிதீன் பை, மேல மடிச்சு பின் அடிச்ச ஒரு பேப்பர், அந்தப் பேப்பருக்கு உள்பக்கமே எப்படி ஒட்டணும்னு படம். இத விட நேர்மையான பேக்கிங் இருக்க முடியாது, உள்ள என்ன இருக்கோ அது வெளியவே தெரியும், ஒரு பாகம் ஒடைஞ்சிருந்தா கூட கடையிலயே கண்டுபிடிச்சுடலாம். குறை என்னன்னா பைக்குள்ள எதுவும் எதையும் காப்பாத்தாது, கொக்கியில தொங்கி, இன்னொரு பையோட உரசி, யாரோ அமுக்கி, கேனோபியில கோடு விழுந்துதான் வீட்டுக்கு வரும்.

நேர்மையா இருந்த அந்தப் பை ஏன் நிலைக்கலன்னா பைக்கு முகம் இல்ல. பெட்டின்னா மேல ஒரு பெரிய ஓவியம் போடலாம். ஏர்ஃபிக்ஸுக்கு 1964ல இருந்து பத்து வருஷம் ராய் க்ராஸ் வரைஞ்ச படங்கள பாத்தவங்களுக்கு தெரியும், மேகத்த கிழிச்சுட்டு வர்ற விமானம், கீழ எரியுற கப்பல், ஒரு சினிமாவே மூடி மேல ஓடும். ஜப்பான்ல டாமியா பாந்தருக்கு ஷிகேரு கோமட்சுசாகி வரைஞ்ச படமும் அதே வேலையத்தான் பண்ணுச்சு. அந்த ஓவியத்துக்கு ஒரு அகலம் வேணும், ஒரு கையகல பெட்டியில அந்த வானத்த அடக்க முடியாது, பெட்டி பெருசானதுக்கு மொத காரணமே இந்த ஓவியம்தான்னு நான் நினைக்கிறேன். சொல்லப்போனா அந்த ஓவியத்துக்காகவே நானும் வாங்கியிருக்கேன், அப்போ யார குத்தம் சொல்றது.

ஓவியத்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு, அதுக்கு ஸ்கேல் கிடையாது. 1/144 விமானமும் மூடிய நிறைச்சுதான் இருக்கும், 1/32 விமானமும் மூடிய நிறைச்சுதான் இருக்கும். புதுசா வர்ற ஆளுக்கு 72ங்கிற நம்பருக்கும் 48ங்கிற நம்பருக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, நீளத்துல பாத்தா மூணுல ரெண்டு பங்குதானேன்னு தோணும், ஆனா பொருள் இடத்த அடைக்கிறது மூணு பக்கமும், அதனால 1/72 மாடல் 1/48ல இருக்குற அதே விமானத்தோட கன அளவுல மூணுல ஒரு பங்கு கூட வராது, 1/32 கூட ஒப்பிட்டா பதினொண்ணுல ஒரு பங்குதான். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 நிஜத்துல 9.12 மீட்டர் நீளம், 72ஆல வகுத்தா 12.7 செ.மீ. ஒரு பேனா நீளம் கூட இல்ல. டைகர் டேங்கோட உடம்பு மட்டும் 6.3 மீட்டர், 1/35ல 18 செ.மீ., 1/72ல 9 செ.மீ.க்கும் கீழ. பெட்டிய பாத்து மனசுல ஒரு உருவம் வரைஞ்சு வெச்சிருப்போம், கட்டி முடிச்சு மேசை மேல வெக்கும்போது மலையக் கெல்லி எலியப் பிடிச்ச கதையாயிடும், ஆனா அந்த எலி சைஸ் பெட்டி மேலயே நம்பரா எழுதியிருந்துச்சு, நாமதான் வகுத்துப் பாக்கல.

சரி, ஓவியம் அகலத்துக்குக் காரணம், ஆழம் எதுக்கு? என்னோட பெட்டி 6.5 செ.மீ. உயரம், உள்ள இருந்தது 3. இதுக்கு பதில் கடைக்குள்ள நின்னு பாத்தா கிடைக்கும். ஹாபி கடையில பெட்டிய முகம் தெரியுற மாதிரி நிமித்தி வெக்க இடம் இருக்காது, எல்லாத்தையும் படுக்க போட்டு ஒண்ணு மேல ஒண்ணா கூரை வரைக்கும் அடுக்கிடுவாங்க. அப்போ மூடி மேல இருக்குற அழகான ஓவியம் யார் கண்ணுக்கும் தெரியாது, தெரியுறது பக்கவாட்டுல இருக்குற அந்த ஒல்லியான பட்டை மட்டும்தான். பேரு, ஸ்கேல், ஒரு குட்டி படம் எல்லாம் அந்தப் பட்டையில வந்தாகணும். ரெண்டரை செ.மீ. பட்டை அடுக்குல காணாம போயிடும், ஏழு செ.மீ. பட்டை நின்னு பேசும். பக்கத்து கம்பெனி பட்டை ஆறு செ.மீ.னா நான் அஞ்சுல போட்டா எனக்கு நஷ்டம், இப்படியே ஒருத்தர பாத்து ஒருத்தர் ஆழத்த ஏத்திக்கிட்டாங்க.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச விளக்கம் இது எதுவும் இல்ல, குடும்ப கணக்குதான். இன்னிக்கு ஒரு கம்பெனி ஒரு விமானத்துக்கு இரும்பு மோல்டு வெட்டுதுன்னா ஒரே ஒரு கிட்டுக்காக வெட்டாது, மோல்டுதான் பெரிய செலவு, பிளாஸ்டிக் அதுக்கு முன்னாடி தூசு. அதனால உடம்பு ஒரு ஸ்ப்ரூ, றெக்கை ஒரு ஸ்ப்ரூ, ஆரம்ப கால மூக்கு ஒரு ஸ்ப்ரூ, பிற்கால மூக்கு ஒரு ஸ்ப்ரூ, ஆயுதம் தனி ஸ்ப்ரூன்னு பிரிச்சு வெச்சுக்கிட்டு, அதையே மாத்தி மாத்தி சேர்த்து அஞ்சு வருஷத்துக்கு அஞ்சாறு வெர்ஷன் விடும். பெட்டிய மட்டும் ஒவ்வொண்ணுக்கும் தனியா வடிவமைக்க மாட்டாங்க, அட்டைய வெட்டுற கட்டிங் டை, மொத்தமா போற வெளிப்பெட்டியில எத்தன அடங்கும், 120க்கு 80 செ.மீ. பேலட் மேல எப்படி அடுக்குறது, இதெல்லாம் ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அப்புறம் தொட மாட்டாங்க. அந்த முடிவு யார வெச்சு எடுக்குறது? குடும்பத்துலயே பெரிய உடம்பு உள்ள பிள்ளைய வெச்சுதான். குண்டு, ராக்கெட், ஃபோட்டோ எட்ச்ங்கிற மெல்லிசான உலோகத் தகடு பாகம், ரெசின் பாகம் எல்லாம் சேர்ந்து வர்ற முழு வெர்ஷன் அந்தப் பெட்டியில கச்சிதமா உக்காரும், அதே பெட்டியில ஆயுதம் இல்லாத சாதா வெர்ஷன் வந்தா அண்ணன் சட்டைய தம்பிக்கு மாட்டி விட்ட மாதிரி தொளதொளன்னு நிக்கும். நான் பிரிச்சது தம்பி. பெட்டியோட பக்கவாட்டுல அதே வரிசையில வந்த மத்த கிட்டுங்க படம் போட்டிருந்துச்சு, அதுல அண்ணன் யாருன்னு நல்லாவே தெரிஞ்சுது.

இதுக்கு மேல ரீபாக்ஸ்னு ஒண்ணு. ஒரு கம்பெனியோட மோல்டுல வந்த பிளாஸ்டிக்க இன்னொரு கம்பெனி வாங்கி தன்னோட பெட்டியில போட்டு விக்கும், ரெவெல் பெட்டிக்குள்ள ஹாசெகாவா பிளாஸ்டிக், ஸ்வெஸ்டா பிளாஸ்டிக், ஐசிஎம் பிளாஸ்டிக் எல்லாம் வந்திருக்கு, பழைய மேட்ச்பாக்ஸ் மோல்டுங்களும் அங்கதான் வந்து சேந்துச்சு. அந்த ஸ்ப்ரூவ வெட்டினது வேற ஒருத்தனோட பெட்டி அளவுக்கு, அத இவனோட பெட்டியில படுக்க வெச்சா ஒரு பக்கம் இடிக்கும், இன்னொரு பக்கம் கை நுழையுற அளவுக்கு இடம் கிடக்கும். பெயிண்ட், பசை, பிரஷ் எல்லாம் சேர்த்து வர்ற ஸ்டார்ட்டர் செட்டு தனி கதை, நாலு குட்டி டப்பாவ காட்டுறதுக்காக மாடல் வேற பெட்டிக்கு குடி போகும்.

இப்போ மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா நான் நியாயவான் இல்ல. சில பெட்டி பெருசா இருக்குறதுக்கு முழு உரிமை இருக்கு. யமட்டோ போர்க்கப்பல் 263 மீட்டர், 1/350ல 75 செ.மீ., உடம்ப ஒரே துண்டா வார்த்திருந்தா பெட்டி அதுக்கு மேலதான் இருந்தாகணும், வேற வழியே இல்ல, ஒல்லியான அந்த உடம்ப சுத்தி காத்து இருக்கத்தான் செய்யும். அத ரெண்டு துண்டா வெட்டி சின்ன பெட்டியில போட்டா நடு மூட்டுல புட்டி வெச்சு தேய்ச்சு தேய்ச்சு நமக்குத்தான் நாக்கு தள்ளும். பெரிய விமானத்தோட றெக்கைக்கும் இதே நியாயம்தான். கொஞ்சம் காத்து கொடுத்தா மூட்டு இல்லாத உடம்பு கிடைக்கும்னா நான் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிப்பேன்.

பாதுகாப்புக்காகன்னு கம்பெனிங்க சொல்றதுல மட்டும் பாதிதான் உண்மை. ட்ரம்பெட்டர் மாதிரி கம்பெனிங்க பெரிய கிட்டுக்கு கெட்டியான நெளி அட்டைப் பெட்டி, உள்ள தனித்தனி அறை, மெல்லிசான பாகத்த சுத்தி ஃபோம்னு கட்டி அனுப்புவாங்க, அங்க இடம் வேலை செய்யுது. வெறும் காத்து யாரையும் காப்பாத்தாது, கெடுக்கத்தான் செய்யும். பெட்டிக்குள்ள ஸ்ப்ரூ நகர இடம் இருந்தா ஒவ்வொரு தடவையும் லாரி பிரேக் போடும்போது அது போய் முட்டும், மூக்குல நீட்டிட்டு இருக்குற பிடோ குழாய், லேண்டிங் கியர் காலு, துப்பாக்கிக் குழல், இதெல்லாம் மொதல்ல ஒடியும், ஒடிஞ்சது கவருக்குள்ள இருந்தா புண்ணியம், கவரே இல்லாம வெறும் ஸ்ப்ரூவா போட்டு அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க. மேல பத்து பெட்டி அடுக்கினா நடுவுல தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால மூடி உள்ள குழியும். எனக்கு வந்த பெட்டியோட மூடியும் நடுவுல ஒரு தட்டு ஆழத்துக்கு அமுங்கித்தான் இருந்துச்சு, ராடார் ஆண்டெனா ஒண்ணு ஒடிஞ்சு கவரோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பக்கவாட்டுல திறக்குற பெட்டிய பத்தி பேசினா இந்தக் கட்டுரை முடியாது, ஒரு வரில சொல்லிடறேன், அத திறந்த நாளே அதோட வாழ்க்கை முடிஞ்சுது, கட்டிட்டு இருக்குற பாகங்கள திரும்ப உள்ள வெக்கவும் முடியாது, மூடவும் முடியாது, மூடியும் தட்டும் தனித்தனியா வர்ற பெட்டின்னா பாதி காத்தா இருந்தாலும் மாடல் முடியுற வரைக்கும் அதுவே வேலை பாக்குற தட்டா உதவும்.

கடை அடுக்குக்காக பெருசான இந்தப் பெட்டி இப்போ ஒரு விசித்திரமான இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. ஆன்லைன்ல எல்லா பெட்டியும் ஸ்கிரீன்ல ஒரே சைஸ் கட்டத்துலதான் தெரியும், பக்கவாட்டுப் பட்டைய அங்க யாரும் பாக்குறது இல்ல, அப்போ ஆழம் எந்த விதத்துலயும் விக்க உதவாது. ஆனா கூரியர் காசு மட்டும் அத பாக்கும். சர்வதேச எக்ஸ்பிரஸ் கூரியர்ல நிஜ எடையோட இன்னொரு எடையும் போடுவாங்க, நீளம் அகலம் உயரம் செ.மீ.ல பெருக்கி 5000ஆல வகுத்தா வர்றது வால்யூமெட்ரிக் எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. என் பெட்டி 6175, வகுத்தா 1.2 கிலோவுக்கு மேல, நிஜத்துல பெட்டி பேப்பர் எல்லாம் சேர்த்து கால் கிலோ. காத்துக்கு ஒரு கிலோ சார்ஜ். அதே கிட் 30க்கு 20க்கு 4 செ.மீ. பெட்டியில தாராளமா அடங்கியிருக்கும், அப்போ கணக்கு அரை கிலோவுக்குள்ள முடிஞ்சிருக்கும். கம்பெனி கப்பல்ல கன்டெய்னர் கன்டெய்னரா அனுப்பும்போதும் காசு இடத்துக்குத்தான், அதனால இந்தக் காத்துக்கு அவங்களும் கட்டுறாங்க, நாமளும் கட்டுறோம், இருந்தும் பழைய கட்டிங் டை மாறல.

எடுவார்ட்ங்கிற கிட் கம்பெனி இதுல ஒரு நல்ல வேலை பண்ணுது, ஓவர்ட்ரீஸ்னு சொல்லி பெட்டி, டீகால், பேப்பர் எதுவும் இல்லாம வெறும் ஸ்ப்ரூவ மட்டும் விக்குது. ரெண்டாவது மூணாவதா அதே விமானத்த கட்டுற ஆளுக்கு வேற என்ன வேணும்? 1952ல இருந்த பாலிதீன் பை சுத்தி வந்து திரும்ப அதே இடத்துக்கு வந்துடுச்சுன்னு எனக்கு ஒரு சந்தோஷம்.

சட்டமும் மெதுவா இந்தப் பக்கம் திரும்புது. தென் கொரியாவுல பேக்கிங்ல எவ்ளோ வெத்திடம் இருக்கலாம்னு பொருள் வகை வாரியா வரம்பு வெச்சிருக்காங்க, பொம்மை, விளையாட்டு சாமான் வகைக்கு 35 சதவீதம். ஐரோப்பிய யூனியனோட 2025/40ங்கிற புது பேக்கேஜிங் விதிமுறை 2025 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு, அதுல 2030ல இருந்து பொருள் பெருசா தெரியணும்கிறதுக்காகவே போடுற பொய் அடித்தட்டு, ரெட்டைச் சுவர், தேவையில்லாத அடுக்கு இதெல்லாம் கூடாதுன்னு இருக்கு, ஆன்லைன்ல அனுப்புற பெட்டிக்கும் மொத்தமா கட்டுற பெட்டிக்கும் வெத்திடம் 50 சதவீதத்த தாண்டக் கூடாது, காத்துப் பையும் கசக்கின பேப்பரும் போட்டு நிரப்பினா அதையும் வெத்திடமாத்தான் கணக்கு பண்ணுவாங்க. அளக்குற முறை என்னோட ஸ்கேல் மாதிரி இருக்காதுன்னு தெரியும், ஆனாலும் என்னோட 81 சதவீதத்த அந்த நம்பருங்க பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு அல்ப சந்தோஷம்.

இவ்ளோ நேரம் காத்த திட்டினேன், ஆனா நிறைஞ்ச பெட்டின்னா நல்ல கிட்னு நினைச்சா அது இத விட பெரிய ஏமாத்தம். டிராகன் மாதிரி கம்பெனியோட டேங்க் பெட்டிய திறந்தா மூடியே மூடாது, ஸ்ப்ரூ மேல ஸ்ப்ரூ, பாத்தவுடனே மனசு குளிரும், அப்புறம் வழிமுறை பேப்பர பிரிச்சா பாதி பாகத்து மேல நீலக் கலர் அடிச்சு "இது வேணாம்"னு போட்டிருக்கும், எல்லாம் அந்த குடும்பத்துல வேற வெர்ஷனுக்கானது. பாகத்தோட எண்ணிக்கையும் இப்படித்தான் கண்ண கட்டும். டைகருக்கு ஒரு பக்கத்து செயின்ல 96 கண்ணி, ரெண்டு பக்கமும் சேர்த்து 192, அத ஒவ்வொண்ணா தனித்தனியா கொடுத்தா பெட்டி மேல 500 பாகம்னு பெருமையா போடலாம், ரப்பர் பெல்ட்டா கொடுத்தா அதே டேங்க் 300 சொச்சத்துல நின்னுடும். டாமியாவோட சின்ன பெட்டியில கம்மி பாகத்தோட வர்ற கிட் ஒண்ணு பசை இல்லாமலே டக்குனு சேரும், இன்னொரு பக்கம் கிலோ கணக்குல பிளாஸ்டிக் இருந்தும் றெக்கை உடம்போட சேர மறுக்கும். காசு போறது பிளாஸ்டிக் எடைக்கு இல்ல, மோல்ட வெட்டின கைக்கு. கொஞ்சமா உற்பத்தி பண்ற ஷார்ட் ரன் கம்பெனிங்களோட பெட்டியில ரெண்டே ஸ்ப்ரூ இருந்தும் விலை ஏன் எகிறுதுன்னா அந்த மோல்டு செலவ சில ஆயிரம் பெட்டிங்கதான் சுமக்கணும்.

ரொம்ப வலிக்கிற ஏமாத்தம் பழைய மோல்டு புதுப் பெட்டி. மேல கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பளபளன்னு ஒரு படம், உள்ள 1960கள்ல வெட்டின மோல்டு, பேனல் கோடு உள்ள போறதுக்கு பதில் மேல தூக்கிட்டு நிக்கும், ரிவெட்டெல்லாம் பொரி மாதிரி, ஓரமெல்லாம் ஃப்ளாஷ்னு சொல்ற வழிஞ்ச பிளாஸ்டிக், விமானிக்கு முகமே இருக்காது. பெட்டி மேல போட்டிருக்குற வருஷம் பெட்டி அச்சடிச்ச வருஷம், பிளாஸ்டிக்கோட வயசு இல்ல. றெக்கையோட உள்பக்கத்தையோ டேங்கோட அடியையோ திருப்பிப் பாருங்க, பல சமயம் நிஜ வருஷம் அங்க பொறிச்சிருக்கும், அத பாத்ததும் சிரிக்கிறதா அழறதான்னு தெரியாது. ஏர்ஃபிக்ஸ் தன்னோட பழசையெல்லாம் விண்டேஜ் கிளாசிக்ஸ்னு தனி பேரு போட்டு வெளிப்படையா விக்கிறது இதுல எவ்ளோவோ பரவால்ல, தெரிஞ்சே வாங்கறோம், பழைய வாசத்துக்காகவே வாங்கறவங்களும் உண்டு. 1971ல டாமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி நாலு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச 1/700 வாட்டர்லைன் வரிசையும் அதே மாதிரிதான், தண்ணிக்கு மேல இருக்குற பாதிக் கப்பல்தான் வரும், தெரியாம வாங்கினவன் பெட்டியக் கவுத்துப் போட்டு மீதிப் பாதிய தேடுவான்.

வாங்குறதுக்கு முன்னாடி நான் இப்போ பாக்குறது ரெண்டு மூணுதான். ஸ்கேல்மேட்ஸ்ங்கிற வெப்சைட்ல கிட் பேர போட்டா அந்த மோல்டு எப்போ மொதல்ல வந்துச்சு, எந்தெந்தப் பெட்டியில எல்லாம் குடி போச்சுன்னு ஒரு வம்சாவளியே வரும், அதுல என் கிட் அண்ணனா தம்பியான்னு புரிஞ்சுடும். அப்புறம் ஸ்ப்ரூ படத்த தேடிப் பாத்து எண்ணுவேன், பெட்டி அளவ கண்ணால கூட பாக்குறது இல்ல. நிஜ நீளத்த ஸ்கேலால வகுத்து ஒரு பேப்பர்ல அந்த நீளத்துக்கு ஒரு கோடு போட்டுப் பாப்பேன், பாதி ஆசை அந்தக் கோட்டுலயே அடங்கிடும்.

ஆனா பெட்டிய தூக்கிப் போட மட்டும் மனசு வராது, பின்னாடி விக்கணும்னா பெட்டி இல்லாத கிட்ட ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க, அதுவும் இல்லாம அந்த ஓவியம். கட்டாம அடுக்கி வெச்சிருக்குற ஸ்டாஷ்ல பாதிக்கு மேல நான் பாதுகாக்குறது காத்ததான்னு புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒரு வேலை பண்ணேன். அதே வரிசையில ஏற்கனவே வாங்கி வெச்சிருந்த இன்னும் மூணு கிட்டோட கவர எடுத்து, ஒவ்வொண்ணு மேலயும் பேரு எழுதி, அந்த 38 செ.மீ. பெட்டிக்குள்ளயே வெச்சேன். அடியில ரெண்டு, மேல ரெண்டு. குலுக்கிப் பாத்தேன், சத்தம் வரல. குழிஞ்சிருந்த மூடி உள்ள இருந்து முட்டு கிடைச்சதும் கொஞ்சம் நிமிந்து நின்னுச்சு.